தாத்தாவின் துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி

கழுகுமலையில் உபாத்தியாயராகக் காலந்தள்ளும் நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன ஸம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. கல்லூரி நாட்களில் என். ஸி. ஸி. முகாமில் வயிறு மண்ணில் பட மல்லாந்த ஆமையின் நேர்மாறாய்க் குப்புறக் கிடந்து, 25 மீட்டரில் சில தோட்டாக்களைச் செலவிட்டோம். அவற்றில் பல, நமது அட்டையைவிடப் பக்கத்துத் தோழரின் அட்டையிடத்தே அதிக அன்பு கொண்டிருந்தன. நமது ஆயுதப் பயிற்சி அவ்வளவே. ஆனால் நாம் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர் என்பதை நினைவில் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், 2023ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார்.

கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் இடையே, கரிசல் காட்டின் நடுவில் உள்ளது அவ்வூர். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பீரோவைத் திறந்து, பழைய வேஷ்டித் துணியில் சுற்றிய நீண்ட பொருளொன்றை எடுத்து, தோட்டா இல்லையென்று நமக்கும் திறந்து காட்டிவிட்டு, மேஜைமேல் வைத்தார். பர்மிங்ஹாம் நகரத்து பி. எஸ். ஏ. கம்பெனியார் செய்த .22 துப்பாக்கி. அவருடைய தாத்தா, ஜமீன் ஒழிப்புக்குச் சில வருஷங்கள் முன்பு, ஓர் எஸ்டேட் உத்தியோகஸ்தரிடமிருந்து வாங்கியது. தாத்தாவுக்குப் பின் தகப்பனார், அவருக்குப் பின் இவர் என்று ஒவ்வொருவரும் தம் பெயருக்கு லைசென்ஸ் பெற்று வைத்திருந்த சொத்து.

“ஸார், துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. என் கண்தான் சரியில்லை. இதன் தலையில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். டவுனில் கேட்டேன். மேலே நாலு துளை போட்டால் அரை மணி நேரத்து வேலை என்கிறார்கள். போடலாமா?”

இந்த ‘போடலாமா?’ என்ற கேள்விக்கு விடை காண நமக்கு மூன்று மாதம் பிடித்தது.

கரிசல் சீமையில் ஒரு குடியானவர் வீட்டில் துப்பாக்கி இருப்பது சாமானிய விஷயமன்று. கழுகுமலையிலிருந்து சிறிது தூரத்திலேயே உள்ள கயத்தாற்றில்தான் 1799ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்த பிறகு, கும்பெனியார் கோட்டைகளை இடித்ததோடு நில்லாமல் குடிகளின் ஆயுதங்களையும் பறித்தனர். 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமோ தேசம் முழுவதற்குமே கைவிலங்காயிற்று. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ். இந்த அவமானம் உறுத்தியதனால்தான், 1931ஆம் வருஷத்துக் கராச்சி காங்கிரஸ், பிரஜைகளின் அடிப்படை உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அதில் சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. லைசென்ஸ் இன்றும் உண்டு. ஆனால் தோலின் நிறம் பார்த்து அதை வழங்குவதில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் வருஷத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அண்ணாச்சியிடம் இருப்பது ஒன்றே.

அவர் அதை வேட்டைக்கு வைத்திருக்கவில்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த ஆசை கூடாது. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகும்போது அவருக்கு ஆத்திரம் வருவது உண்மை. ஆனால் .22 தோட்டா பன்றிக்கு ஏற்றதும் அன்று; காயம்பட்ட பிராணி ஓடிப்போய் எங்கோ துடித்துச் சாகும். மாதம் ஒருமுறை ரைபிள் கிளப்பின் சுடுதளத்துக்குப் போய், அட்டையில் துளையிட்டுத் திரும்புவதே அவருடைய பொழுதுபோக்கு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குஸாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றாரே, அதுவும் இந்த .22 ஜாதித் தோட்டாவினால்தான். அப்போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு அங்கே இடமில்லை. ஆகையால் அண்ணாச்சி விரும்பிய கண்ணாடி போட்டிக்கன்று. தம் மனத் திருப்திக்கே.

வயது ஐம்பத்தெட்டு ஆன ஒருவரின் கண்ணில் நடப்பது இது. பழைய துப்பாக்கியில் குறி பார்க்க, கண்ணருகே உள்ள பிளவு, குழலின் நுனியில் உள்ள முனை, தொலைவிலுள்ள அட்டை ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துக் காணவேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. இளைஞனின் கண்ணிலுள்ள வில்லை கணத்துக்குக் கணம் தன் வளைவை மாற்றி மூன்றையும் மாறி மாறித் தெளிவாகக் காட்டும். நாற்பதுக்குமேல் அந்த வில்லை விறைத்துவிடுகிறது. இதைத்தான் நம் பெரியோர் வெள்ளெழுத்து என்றார்கள். மூக்குக் கண்ணாடி போட்டால் பிளவு தெரியும், அட்டை மங்கும். கழற்றினால் அட்டை தெரியும், பிளவு மங்கும். தூரதிருஷ்டிக் கண்ணாடியில் குறுக்குக் கோடும் அட்டையின் உருவமும் ஒரே தளத்தில் விழுவதால், கண்ணுக்கு ஒரு வேலைதான் மிச்சம். எனவே அண்ணாச்சி கேட்டது ஆடம்பரமன்று. கண்ணாடி வேண்டும் என்பதில் நமக்கு ஸந்தேகமே இல்லை. அதைத் துப்பாக்கியின்மேல் எப்படி உட்காரவைப்பது என்பதில்தான் சங்கடம்.

கண்ணாடிக்கும் துப்பாக்கிக்கும் இடையே இருக்கும் இரும்புத் தாங்கியை மவுண்ட் என்பார்கள். நூறு ரூபாய்ப் பண்டம்போல் அலட்சியமாகப் பார்க்கப்படும் இந்தத் தாங்கி மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி பொய் சொல்லும். பழைய அமெரிக்கப் போட்டித் துப்பாக்கிகளில் குழலின்மேல் இரண்டு சிறு இரும்புக் கட்டைகளை 7.2 அங்குல இடைவெளியில் வைத்து, அவற்றின்மேல் நீண்ட கண்ணாடியை ஏற்றுவார்கள். அந்த ஏற்பாட்டில் கண்ணாடியின் ஒரு முனை ஓர் அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், நூறு கஜத்தில் குண்டு கால் அங்குலம் தள்ளி விழும். நம் தலைமயிரின் தடிப்பு அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கும்.

பிற்காலத்து .22 துப்பாக்கிகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆக்ஷன் எனப்படும் இயந்திரப் பகுதியின் முதுகில், நீளவாட்டில் இருபுறமும் சாய்வான காடி வெட்டியே விற்றார்கள். மேலே அகன்று கீழே குறுகிய அந்தத் தண்டவாளத்தைத் தாங்கியின் தாடைகள் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கக் காடியின் அகலம் சாதாரணமாக 3/8 அங்குலம், அஃதாவது 9.5 மில்லிமீட்டர், ஐரோப்பியக் காடி 11 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றேபோல் தோன்றும். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் மாட்டினால் தாடை ஓரத்தில் மட்டும் பற்றி, பத்தாவது தோட்டாவில் நழுவத் தொடங்கும். வாங்குமுன் அளவுகோல் கொண்டு அளப்பது அவசியம்.

அண்ணாச்சியின் துப்பாக்கியில் காடியும் இல்லை, காடி வெட்ட முதுகும் இல்லை. அது மார்டினி ஜாதி. 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்டினி-ஹென்றியின் குட்டித் தம்பி என்னலாம். அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே இழுத்தால், குழலின் வாயை அடைத்திருக்கும் இரும்புத் துண்டு முன்பக்கமாய்த் தலைகுனியும். மேலேயிருந்து கட்டைவிரலால் தோட்டாவைத் தள்ளி, நெம்புகோலை உயர்த்தினால் வாய் மூடிக்கொள்ளும். மிகவும் அழகான ஏற்பாடு. ஆனால் கண்ணாடி எங்கே உட்காரவேண்டுமோ, அங்கேதான் கட்டைவிரலும் போகவேண்டும்!

இந்த நிலையில் துளை போடச் சொன்ன யோசனை எவ்வளவு இலேசானதாகத் தோன்றியிருக்கும் என்பது விளங்குகிறது. நாம் அண்ணாச்சியை வேறொரு நண்பரிடம் அழைத்துச் சென்றோம். அவரும் இதேபோன்ற பழைய .22 ஒன்றை வைத்திருப்பவர். பல வருஷங்களுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில் அவர் துளை போட்டுக்கொண்டார். முதல் துளை மையத்தைவிட்டுச் சிறிது விலகிற்று. அதைச் சரிக்கட்ட இரண்டாவது துளையை எதிர்ப்புறம் விலக்கினார்கள். மூன்றாவது, தோட்டா அறையின் சுவரில் பாதி ஆழம் சென்று நின்றது; இன்னும் சற்று இறங்கியிருந்தால் துப்பாக்கியே பயனற்றுப் போயிருக்கும். கண்ணாடி கோணலாக உட்கார்ந்தது. அவர் மனம் வெறுத்துக் கழற்றிவிட்டார். துளைகளில் மெழுகை அடைத்து வைத்திருக்கிறார். அண்ணாச்சி அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கி, மெழுகின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். இது நிற்க, லைசென்ஸ் இல்லாத பட்டறையில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் 1959ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பதையும் நேயர்கள் மறக்கலாகாது. கடைசல் யந்திரம் வைத்திருப்பவரெல்லாம் துப்பாக்கி மராமத்துக்காரர் ஆகிவிடமாட்டார்.

திரும்பும் வழியில் மலைக்கு ஏறினோம். வெட்டுவான் கோயிலைக் காணாத கழுகுமலைக்காரர் உண்டோ? ஆயினும் அன்று வேறு கண்ணால் பார்த்தோம். ஏறக்குறைய 1,200 வருஷங்களுக்கு முன், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முதலில் சிகரம், பிறகு விமானம். அடிப்பகுதி முடியாமலே நின்றுபோயிற்று. கட்டடமாயின் ஒரு கல் கோணினால் எடுத்துவிட்டு வேறு கல் வைக்கலாம். இங்கே உளி தவறினால் ஒட்டுவதற்கு இடமில்லை. அந்த பயத்தோடேயே ஒவ்வொரு பூதகணத்தின் சிரிப்பையும் அவர்கள் செதுக்கியிருக்க வேண்டும். அண்ணாச்சி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, “துளை வேண்டாம் ஸார்” என்றார்.

வேண்டாமென்றால் வேறு வழி? பலவுண்டு. சில பழைய துப்பாக்கிகளில் பின் குறிப்பிளவு குழலின் குறுக்கே வெட்டிய காடியில் செருகப்பட்டிருக்கும். அதை மெல்லத் தட்டி எடுத்துவிட்டு, அதே காடியில் ஒரு தாங்கிக் கட்டையைச் செருகலாம். ஆனால் அப்போது கண்ணாடி குழலின் நடுவே போய்விடுவதால், கண்ணுக்கு வெகுதூரத்தில் வைத்துப் பார்க்கத்தக்க தனிவகைக் கண்ணாடி வேண்டும். குழலைச் சுற்றி இறுக்கும் பட்டையும் உண்டு. அது குழலின் மெருகைத் தின்றுவிடும், குழல் சூடேறினால் பிடியும் மாறும். இரண்டும் நமக்குப் பிடிக்கவில்லை.

வழி காட்டியது அந்தத் துப்பாக்கியேதான். ஆக்ஷனின் இடப்புறத்தில் இரண்டு சிறு திருகாணிகள் வெறுமனே இருந்தன. எதையும் பற்றாத திருகாணிகள் எதற்கு? அந்தக் காலத்தில் போட்டிக்காரர்கள் சிறு துவாரத்தின் வழியே குறிபார்க்கும் சாதனமொன்றைப் பக்கவாட்டில் மாட்டுவார்கள். அதற்காகக் கம்பெனியாரே மரையிட்டு வைத்த துளைகள் அவை. தாத்தா அந்தச் சாதனத்தை வாங்கவேயில்லை போலும். துளைகளை மூடிய திருகாணிகள் மட்டும் எஞ்சியிருந்தன. பக்கவாட்டில் தாங்கி மாட்டுவது புதுமையுமன்று. இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் 4ஆம் நம்பர் லீ-என்பீல்டு ரைபிள்களை மறைந்திருந்து சுடும் வீரர்களுக்காக மாற்றியமைத்தபோது, இடப்புறத்தில் தாங்கியை வைத்து, கையாலேயே திருகக்கூடிய இரு பெரிய திருகுகளால் இறுக்கினார்கள். அந்த .303 தோட்டாவின் வேகத்தையும் உதையையும் அது தாங்கிற்று. .22 தோட்டாவோ, 1887இல் அமெரிக்க ஸ்டீவன்ஸ் கம்பெனியார் வடிவமைத்தது. குண்டின் எடை 40 கிரெயின், அஃதாவது 2.6 கிராம். .303 குண்டின் சக்தியில் இருபதில் ஒரு பங்குதான் இதற்கு. ஆகவே இரண்டு சிறு திருகாணிகளே போதும் என்று கணக்கிட்டோம்.

இனி நடந்தது முழுவதும் பள்ளிக்கூட வேலை. காகிதத்தைத் துளைகளின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்தோம். பலகையில் ஒரு மாதிரித் தாங்கி செய்தோம். அதன்மேல் கண்ணாடிக்குப் பதில் ஓர் அங்குலக் குறுக்களவுள்ள குழாய்த் துண்டு. சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கூட்டைக் கையில் கொடுத்து அண்ணாச்சியை உள்ளே வைக்கச் சொன்னோம். கலப்பை பிடித்த கட்டைவிரல். குழாயில் முட்டி நின்றுவிட்டது. கால் அங்குலம் உயர்த்தினோம், விரல் போயிற்று. ஆனால் இப்போது கன்னம் கட்டையைவிட்டு எழும்பிற்று. திறந்த குறிக்கென்று கடைந்த பழைய கட்டையில் கன்னம் தாழ்வாகத்தான் பதியும். கண்ணாடி உயர்ந்தால் தலையும் அந்தரத்தில் ஆடும். தலை ஆடினால் குறியும் ஆடும். மரத்தில் ஆணி அடிக்காமல், கோவில்பட்டியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோலில் ஓர் உறை தைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அவர் அதைப் பெரிய செருப்பு என்றே நினைத்துக் கூலி கேட்டார்.

மாதிரிப் பலகையோடும் துப்பாக்கியோடும் அண்ணாச்சி நகரத்திலுள்ள, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மராமத்துக்காரரிடம் சென்றார். அந்தப் பெரியவர் முதலில் செய்தது மரையை அளந்ததே. பழைய ஆங்கிலத் துப்பாக்கியின் மரை அங்குலக் கணக்கில் வெட்டியது. கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணி முதல் சுற்றில் நுழைவதுபோல் பாசாங்கு செய்யும்; வலிந்து திருகினால் மரை முழுவதும் பொடியாகிவிடும். அவர் திருகாணியையும் தாமே கடைந்தார். இரு வளையங்களையும் தனித்தனி அடித்தட்டுகளில் வைக்காமல் ஒரே எஃகுத் துண்டின்மேல் வைத்தார். தனித்தனியானால் ஒன்றுக்கொன்று நேராக அமையாமல் கண்ணாடிக் குழாயை முறுக்கிவிடும்.

கண்ணாடி வாங்குவதில் நமக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. பெரிய ரைபிள்களுக்கான கண்ணாடி 100 கஜம், 150 கஜத்துக்கு ஒழுங்குபடுத்தியது. .22க்கு உரியது 50 கஜத்துக்கு. மாற்றி வாங்கினால், கண்ணைச் சற்று நகர்த்தும்போதெல்லாம் குறுக்குக் கோடு அட்டையின்மேல் ஊர்வதுபோல் தோன்றும். ரயில் ஜன்னலில் பார்க்கும்போது அருகிலுள்ள மரம் மலையைத் தாண்டி ஓடுவதுபோல. நான்கு மடங்கு பெரிதாக்கும் சிறு கண்ணாடி ஒன்று போதுமென்று முடிவு செய்தோம். பழமைக்குப் பழமையாக அந்தக் காலத்து முக்கால் அங்குலக் குழாய்க் கண்ணாடியே மாட்டலாமே என்ற சபலமும் எழுந்தது. பார்வைக்கு வெகு பொருத்தம். ஆனால் அவற்றில் பலவற்றில் திருகைத் திருப்பினால் குறுக்குக் கோடே நடுவைவிட்டு ஓரத்துக்குப் போய்விடும். தாங்கியிலேயே பக்கவாட்டுத் திருத்தம் இருந்தால்தான் அவை சரிப்படும். அழகைத் தியாகம் செய்தோம்.

கார்த்திகையில் சுடுதளத்துக்குப் போனோம். நாம் சுடவில்லை, பின்னாலிருந்து பார்த்தோம். முதலில் கண்ணாடியில்லாமல் 50 மீட்டரில் ஐந்து தோட்டா: துளைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. பிறகு கண்ணாடியோடு. ஒழுங்கு செய்ய ஒன்பது தோட்டா செலவாயிற்று. அதன்பின் ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இடத்தில் அடங்கின. அண்ணாச்சி அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “துப்பாக்கி இத்தனை நாளும் சரியாகத்தான் சுட்டிருக்கு ஸார்” என்றார். நூறு கஜத்திலும் முயலலாமா என்று அவருக்கு ஆசை. அவ்வளவு தூரத்தில் இந்தக் குண்டு ஆறு ஏழு அங்குலம் தாழ்ந்துவிடும் என்று சொல்லி நிறுத்தினோம்.

கழற்றி மாட்டினால் குறி அப்படியே இருக்குமா என்பது மிஞ்சிய ஸந்தேகம். அதைச் சோதிக்கும் சமயமும் வந்தது. 2024 பார்லிமெண்டுத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும், வழக்கப்படி லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டியதாயிற்று. எத்தனையோ துப்பாக்கிகள் ஓர் அறையில் சுவரோடு சாய்ந்து நிற்கும் இடத்தில் கண்ணாடியை விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? அண்ணாச்சி இரண்டு திருகாணிகளையும் கழற்றி, தாங்கியோடு கண்ணாடியை வேஷ்டித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, பழைய திருகாணிகளைத் திரும்பப் பூட்டி, துப்பாக்கியை மட்டும் கொண்டு போனார். தேர்தல் முடிந்து வாங்கி வந்து மாட்டியபோது, குறி கட்டைவிரல் அகலம் இடப்புறம் விலகியிருந்தது. நான்கு தோட்டாவில் சரியாயிற்று. முற்றிலும் விலகாமலிருக்கும் என்று நாம் சொல்லியிருந்தது தவறு. அந்த நான்கு தோட்டாக்களின் விலையை அண்ணாச்சி நம்மிடம் கேட்கவில்லை.

ஒப்படைக்கும் நாளில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ரசீது எழுதிய தலைமைக் காவலர், பழைய பதிவிலுள்ள அடையாளங்களோடு ஒத்துப்பார்க்கத் துப்பாக்கியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரைப் படித்தார். கட்டையிலுள்ள பழைய கீறலைத் தடவினார். “இதில் ஏதோ கண்ணாடி மாட்டியிருக்கிறீர்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்களே, எங்கே மாட்டினீர்கள்?” என்று கேட்டார். அண்ணாச்சி இடப்புறத்துத் திருகாணிகள் இரண்டையும் காட்டினார். காவலர் பழைய பதிவை மறுபடியும் பார்த்தார். இடப்புறம் திருகாணி இரண்டு என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது.